குட்டை வரி மூங்கில்: இனங்காணுதலும் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தலும்

பட்டு நெய்யும் அங்கத்தினர் எவரும் நூலின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அதை வாங்கிவிடுவதில்லை. ஓர் இழையைப் பிரித்து நெருப்பில் காட்டுவர். முடி கருகும் நாற்றம் எழுந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல் நின்றால் அது பட்டு. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் அது செயற்கை இழை. வாங்குவோர் எல்லோருக்கும் இச்சோதனை தெரியாது என்பதனால்தான் 2004ஆம் ஆண்டில் பட்டு முத்திரையும், 2006ஆம் ஆண்டில் கைத்தறி முத்திரையும் ஏற்பட்டன. தோட்டச் செடி விற்கும் இடத்தில் இத்தகைய முத்திரையைக் காண்பது அரிது. அங்கே பெயர் ஒன்றே சாட்சியாக நிற்கிறது. அந்தச் சாட்சி பல வேளைகளில் பொய் சொல்லுகிறது.

இதற்குத் தக்க உதாரணம், இன்று நம் பகுதியில் பலரும் விரும்பிக் கேட்கும் குட்டை வரி மூங்கில். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் தொழிற்பேட்டைகள் எழுந்த பின்னர், அவற்றைச் சுற்றிலும் புதிய மனைப் பிரிவுகளும் சிறு வீடுகளும் பெருகியுள்ளன. வீட்டைச் சுற்றி எஞ்சும் நிலம் சில அடி அகலமே. சாலைப் புழுதியை மறைக்கவும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கவும் உயரம் மிகாத, இலையில் வெள்ளை அல்லது மஞ்சள் வரி ஓடும் மூங்கில் ஒன்று வேண்டும் என்று பலர் நினைக்கின்றனர். விருப்பம் நல்லதே. ஆனால், அப்பெயரில் கைக்கு வரும் செடி மூங்கிலாக இல்லாமல் இருக்கலாம். மூங்கிலாக இருந்தும் குட்டையாக இல்லாமல் இருக்கலாம். குட்டையாக இருந்தும் நம் கத்தரி வெயிலைத் தாங்காததாக இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் மண்ணுக்குள் ஓடி அண்டை வீட்டு மனையில் தலைகாட்டும் இனமாக இருக்கலாம். ஆகவே, நடுவதற்கு முன் இனங்காண வேண்டும். இப்பாடத்தின் சாரம் இதுவே.

மூங்கில் எந்த இனத்தது?

மூங்கில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. நெல், கரும்பு, சோளம் ஆகியவற்றிற்கு உறவு. இதனை மேனாட்டுத் தாவரநூலிலிருந்துதான் அறிய வேண்டும் என்பதில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், புறத்தே வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரித்து வைத்திருக்கிறது. மூங்கிலின் வலிமை முழுவதும் வெளிப்புறத்தில் இருக்கிறது; உள்ளே துளை. எனவே அது புல். இந்திய வனச் சட்டம், 1927, மூங்கிலையும் மரம் என்ற வரையறைக்குள் வைத்திருந்தது. 2017ஆம் ஆண்டில்தான் அச்சொல் அந்த வரையறையிலிருந்து நீக்கப்பட்டது.

நம் வட்டாரத்திற்கு மூங்கில் புதிதன்று. திருவள்ளூருக்கு அருகில் உள்ள திருப்பாச்சூர்ச் சிவன் கோயிலில் மூங்கிலே தலமரம். ‘பாசு’ என்ற சொல் மூங்கிலைக் குறிக்கும். ஊரின் பெயரும் அதனால் வந்தது என்பர். நெசவாளருக்கோ மூங்கில் தொழிற்கருவியாகவே இருந்தது. உலோகப் பற்கள் வருவதற்கு முன் தறியின் அச்சுப் பற்களை மூங்கில் அல்லது நாணல் சிம்புகளைச் சீவியே கட்டினர். நம் மாநிலத்துக் காடுகளில் இயல்பாக வளரும் முள்மூங்கிலும் கல்மூங்கிலும் பல அடி உயரம் ஓங்குபவை. வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்றவை அல்ல. இலையில் வரியோடிய குட்டை வகைகள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்தவை.

பெயரை மட்டும் பெற்ற நான்கு

மூங்கில் என்றோ குட்டை மூங்கில் என்றோ விற்கப்படும் செடிகளுள் நான்கைப் பிரித்தறிதல் முதல் வேலை.

முதலாவது, ‘அதிர்ஷ்ட மூங்கில்’. கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றி வைக்கப்படுவது இது. இலையின் ஓரத்தில் வெள்ளை வரி ஓடும் வகையும் உண்டு. இதன் தாவரப் பெயர் திரசீனா சாண்டரியானா. பிறப்பிடம் ஆப்பிரிக்காவின் காமரூன் பகுதி. இது புல் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. நம் புதர்க்காடுகளில் படரும் தண்ணீர்விட்டான் கொடிக்கும், நாருக்குப் பயன்பட்ட மருளுக்கும் உறவு. வீட்டின் உள்ளே நிழலில் வைப்பதற்கு இது நல்ல செடியே. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். 2001ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து நீரோடு கப்பலேற்றிய அதிர்ஷ்ட மூங்கில் சரக்குகளின் வழியாக ஆசியப் புலிக்கொசு கலிபோர்னியாவில் இறங்கியது கண்டறியப்பட்டது. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு இனங்களுள் அதுவும் ஒன்று. குவளை நீரை வாரம் இருமுறை கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிப் புதுநீர் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது, வரி நாணல். அருண்டோ டோனாக்ஸ் என்னும் பெருநாணலின் வெள்ளை வரி வகை. இதுவும் புல்லே, கணுவும் துளையும் உண்டு, ஆதலால் ஏமாறுவது எளிது. கிளாரினெட் என்னும் மேனாட்டு ஊதுகருவிக்கு நாக்குச் செய்வது இச்செடியின் தண்டினால்தான். ஆள் உயரத்திற்கு மேல் வளரும். ஈரமான இடத்தில் பரவும். உலகில் படையெடுத்துப் பரவிக் கேடு செய்யும் உயிரினங்களுள் மிக மோசமான நூறு என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் பெருநாணலும் இடம்பெற்றுள்ளது. வரி வகை சற்று மெல்ல வளருமெனினும், பச்சைத் தண்டு கிளம்பிவிட்டால் பழைய வேகம் திரும்பிவிடும். ஏரிக்கரை, வாய்க்கால், வடிகால் ஆகியவற்றின் அருகே இதை நடவே கூடாது. ஏரிகளை நம்பி வாழும் நம் மாவட்டத்திற்கு இது பொதுநலன் பற்றிய விஷயம்.

மூன்றாவது, ‘குட்டிப் பாண்டா மூங்கில்’ என்று பூந்தொட்டியில் விற்கப்படும் மென்மையான புல். போகோனத்தீரம் என்பது இதன் தாவர இனப் பெயர். இந்தியாவிலும் இயல்பாக வளர்வது. நீர் கசியும் பாறை இடுக்குகளில் தொங்குவது. கம்பி போன்ற மெல்லிய தண்டு. ஓரடி, ஒன்றரை அடி உயரம். ஒருநாள் நீர் தவறினாலும் வைக்கோலாகிவிடும். அழகான புல்தான், ஆனால் மூங்கில் அன்று.

நான்காவது, மஞ்சள் மூங்கில். பொன்னிறக் கழியில் பச்சைக் கோடுகள் ஓடும் இது மெய்யான மூங்கிலே. பாம்பூசா வல்காரிஸ் இனத்தின் ஒரு வகை. ஆனால், குட்டை அன்று. கன்றாக இருக்கையில் மூன்றடி உயரத்தில் நின்று வாங்குவோரை மயக்கும். மண்ணில் ஊன்றிச் சில ஆண்டுகள் சென்றால் முப்பது அடியையும் தாண்டும். வரி கழியில் இருக்கிறதா, இலையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஐந்து சோதனைகள்

பட்டுக்கு நெருப்புச் சோதனை இருப்பதுபோல மூங்கிலுக்கும் சோதனைகள் உண்டு. இவற்றிற்குக் கருவி வேண்டியதில்லை. கண்ணும் விரலும் போதும்.

1. தண்டைப் பார்த்தல். மூங்கிற் கழியில் கணு புடைத்திருக்கும். இரு கணுக்களுக்கு இடையே பெரும்பாலும் துளை இருக்கும். மேற்புறம் நகத்திற்கு இடங்கொடாது. திரசீனாவின் தண்டில் கணுப்போலத் தோன்றுவது இலை உதிர்ந்த வடுவே. நகத்தால் கீறினால் சதைப்பற்றான பச்சைத் தோல் கிழியும். உள்ளே துளை இராது.

2. இலையின் அடியைப் பார்த்தல். மூங்கில் இலை தண்டைத் தழுவும் மடலோடு சேருமிடத்தில் ஒடுங்கி, சிறு காம்புபோல ஆகும். முதிர்ந்த இலை அவ்விடத்தில் கழன்று உதிரும். நாணல் இலை அவ்வாறு ஒடுங்காது. அகன்ற அடியோடு தண்டைப் பற்றி நிற்கும். மூங்கிலையும் நாணலையும் பிரிக்க இச்சோதனை ஒன்றே போதும்.

3. குருத்தைப் பார்த்தல். மூங்கிலின் புதுக் குருத்து மண்ணிலிருந்து கூராக எழும். அதைப் போர்த்திய மடல்களின் நுனியில் முழு இலை இராது. சிறு கீற்று மட்டுமே இருக்கும். நாணலின் குருத்தோ தொடக்கத்திலேயே இலை விரித்துக்கொண்டு வளரும்.

4. இலையை ஒளியில் பிடித்தல். இது நெசவாளர்க்கு மிக எளிது. இலையின் நீளவாக்கில் ஓடும் நரம்புகளைப் பாவு என்று கொள்க. சில மூங்கில்களில் அவற்றின் குறுக்கே நுண்ணிய நரம்புகள் ஊடைபோல ஓடி, இலை முழுதும் சிறு கட்டங்களாகத் தெரியும். குளிர்நாட்டு மூங்கில்களுக்கு இது பொதுவான அடையாளம். வெப்பநாட்டு மூங்கில்களில் இக்கட்டங்கள் தெளிவாகத் தெரிவதில்லை. ஆகவே, ஒளியில் கட்டம் தெளிவாகத் தெரிந்தால், நம் சமவெளியின் கோடை அச்செடிக்குக் கடினம் என்று எண்ணிக்கொள்ளலாம்.

5. வேர்த்தண்டைப் பார்த்தல். மண்ணுக்குள் கிடையாகச் செல்லும் தண்டே வேர்த்தண்டு. தொட்டியைச் சாய்த்து மண்கட்டியை மெல்ல வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். வேர்த்தண்டு குட்டையாகவும் பருத்தும், உடனே மேல்நோக்கி வளைந்து கழியாகியும் இருந்தால் அது தூர் கட்டும் மூங்கில். கயிறுபோல நீண்டு, தொட்டியின் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தால் அது ஓடும் மூங்கில். இவ்வேறுபாட்டை அறியாமல் நட்டவரின் துயரம் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே தெரியவரும். அப்போது பரிகாரம் எளிதன்று.

மெய்யான குட்டை வரி மூங்கில்கள்

தோட்டக்கலை உலகில் குட்டை வரி மூங்கில் என்றால் முதலில் நினைக்கப்படுவது பிளியோபிளாஸ்டஸ் ஃபார்ச்சூனி. இரண்டு மூன்று அடி உயரம். கரும்பச்சை இலையில் பாலாடை போன்ற வெள்ளை வரிகள். இப்பெயர், சீனத்திலும் ஜப்பானிலும் செடிகளைத் திரட்டிய ஸ்காட்லாந்து நாட்டவரான ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவரை நினைவூட்டுவது. இதன் உறவான பிளியோபிளாஸ்டஸ் விரிடிஸ்ட்ரையேட்டஸ் இளம் பருவத்தில் பொன்மஞ்சள் இலையும் அதில் பச்சை வரியும் கொண்டிருக்கும்; இலை தொடுவதற்கு மென்மையாக இருக்கும்.

மூன்றாவதாகச் சாசா வீச்சியை என்னும் இனம் உண்டு. இதன் இலையோரம் வெண்மையாகத் தோன்றுவது வரி அன்று. குளிர்காலத்தில் ஓரம் காய்ந்து வெளிறுவதே அவ்வாறு காட்சி தருகிறது. படத்தைப் பார்த்து வாங்குவோர் இதனால் ஏமாறுவது உண்டு.

இம்மூன்றும் ஜப்பானைச் சேர்ந்தவை, மூன்றும் ஓடுபவை. உதகை, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் இவற்றுக்கு வாழ்வு எளிது. 40 பாகை செல்சியஸையும் தொடும் நம் வைகாசி வெயிலில், திறந்த வெளியில் இவற்றை வைத்தால் இலையின் வெண்பகுதி முதலில் கருகும். வளர்த்தே ஆகவேண்டும் என்போர் தொட்டியில், கிழக்கு நோக்கிய நிழலில் வளர்க்கலாம். முயற்சி வீணாகவும் கூடும் என்று அறிந்தே தொடங்க வேண்டும்.

நம் சமவெளிக்கு நம்பத்தக்கது பாம்பூசா மல்டிபிளெக்ஸ் என்னும் வேலி மூங்கில். தென்சீனத்தது, வெப்பம் தாங்குவது, தூர் கட்டுவது. இதில் இரு வகைகள் நமக்குரியவை. ‘வெள்ளிவரி’ என்று பெயர்பெற்ற வகையின் இலையில் வெள்ளைக் கோடுகள் இருக்கும். ‘அல்போன்ஸ் கார்’ என்னும் வகையில் கழி மஞ்சளாகவும் அதில் பச்சைக் கோடுகளாகவும் இருக்கும். புதுக்கழி சற்றுச் செம்மை பூத்துத் தோன்றும். இலைகளில் ஒன்றிரண்டில் மட்டும் வெள்ளிழை ஓடும். தோட்டக் கலையில் ஈடுபாடு கொண்டிருந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவரின் பெயர் அது.

இவை இயல்பில் குட்டை அல்ல. விட்டுவிட்டால் பத்தடிக்கு மேல் போகும். ஆனால், குட்டையாக வைத்திருப்பது எளிது. காரணம் மூங்கிலின் வளர்ச்சி முறையிலேயே இருக்கிறது. ஒரு கழி தன் முழு உயரத்தை ஒரே பருவத்தில் அடைந்துவிடும். பிறகு உயர்வதும் இல்லை, பருப்பதும் இல்லை. வெட்டிய கழி மறுபடி நீளாது; கணுக்களில் கிளையும் இலையும் மட்டும் அடர்ந்து வரும். எனவே, மரத்தை ஓயாமல் கழிப்பதுபோல மூங்கிலைக் கழிக்க வேண்டியதில்லை. புதுக்கழிகள் எழுந்து நின்றபின் ஆண்டுக்கு ஒருமுறை மார்பளவில், ஒரு கணுவிற்குச் சற்று மேலே வெட்டினால் போதும். வெட்டிய மெல்லிய கழிகள் அவரைக்கும் புடலைக்கும் கொடிக்கம்பாக உதவும்.

வரி எவ்வாறு உண்டாகிறது?

புடவையில் கோடு வேண்டுமானால் நெய்யும்போது தீட்டுவதில்லை. பாவு பூட்டும்போதே வண்ண இழைகளை வரிசைப்படுத்திவிடுகிறோம். இலையின் வரியும் அத்தகையதே. குருத்தின் நுனியில் உயிரணுக்கள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றுள் சில பச்சையம் உண்டாக்கும் திறனை இழந்திருக்கும். அவற்றிலிருந்து வளரும் பகுதி வெண்மையாகவும், மற்றப் பகுதி பச்சையாகவும் இலை நெடுகத் தொடரும். இதிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, வெண்பகுதி உணவு சமைப்பதில்லை. பச்சைப் பகுதி சமைப்பதை உண்டே அது வாழ்கிறது. ஆகவே வரிச்செடி மெல்லவே வளரும். அதை எருவால் அவசரப்படுத்துவதில் பயனில்லை. இரண்டாவது, வரி விதையின் வழியாக அவ்வாறே வருவதில்லை. தூரைப் பிரித்து நடுவதே வழி. ‘வரி மூங்கில் விதை’ என்று எவரேனும் விற்றால் வாங்க வேண்டாம். மூன்றாவது, முழுப் பச்சைக் குருத்து ஒன்று கிளம்பிவிட்டால் அது வரிக் குருத்துகளைவிட வேகமாக வளர்ந்து, சில பருவங்களில் தூர் முழுவதையும் பச்சையாக்கிவிடும்.

நோயையும் வரியையும் பிரித்தறிவதும் அவசியம். மெய்யான வரி, கோர்வை போட்ட கரையைப்போல எல்லை திட்டமாக இருக்கும். கோடுகளின் அகலம் இலைக்கு இலை மாறும். இலை சுருள் அவிழும்போதே காணப்படும். இரும்புச் சத்துக் குறைவினால் வரும் வெளுப்பு அவ்வாறன்று. இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும், சாயம் ஊறிக் கசிந்தாற்போல எல்லை மங்கி, எல்லா இலைகளிலும் ஒரே தன்மையாக இருக்கும். இலையின் அடிப்புறத்தில் நுண்வலையும் மேற்புறத்தில் வெளிர்ப்புள்ளிகளும் தெரிந்தால் அது சிலந்திப்பேன். ஓரமும் நுனியும் மட்டும் பழுப்பேறிக் காய்ந்தால் வெயில் அல்லது உப்புநீர் காரணம். நோயுற்ற பச்சை மூங்கிலைப் புதிய வரி வகை என்று எண்ணிப் பெருக்கக் கூடாது.

நடும் முறை

பருவம்: நம் மாவட்டத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,200 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டுகிறது. ஆடி, ஆவணி மாதங்களின் மழையில் நட்டால், பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். பங்குனி முதல் வைகாசி வரை நடவும் தூர் பிரித்தலும் வேண்டாம்.

மண்: புதிய மனைகளில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மேடேற்றியிருப்பது வழக்கம். சுண்ணாம்பும் சிமென்டும் கலந்த அம்மண் காரத்தன்மை உடையது. மேலே சொன்ன இரும்புச் சத்துக் குறைவு அங்கேதான் தோன்றும். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழியெடுத்து, அந்த மண்ணை நீக்கிவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு என்று கலந்து நிரப்புக. களிமண் நிலமாயின் தரைமட்டத்திற்கு அரையடி மேலே மேடு கட்டி நடுக. மூங்கில் ஈரத்தை விரும்பும். நீர் தேங்கினால் வேர் அழுகும்.

இடம்: காலை வெயில் படவும் பிற்பகல் நிழல் விழவும் வேண்டும். வீட்டின் கீழ்ப்புறம் சிறந்தது. சுற்றுச்சுவருக்கும் தூருக்கும் நான்கைந்து அடி இடைவெளி விடுக. குழித்தறி உள்ள வீட்டில், தறிக்குழியின் சுவரை ஒட்டி எதையும் நட வேண்டாம். நாள்தோறும் விடும் நீர் சுவர்வழியே குழிக்குள் ஊறும்; நெசவாளியின் காலுக்கும் மிதிகட்டைக்கும் அது கேடு. கழிவுநீர்த் தொட்டி, குடிநீர்க் குழாய் ஆகியவற்றின் அருகிலும் விலக்குக.

நீர்: நட்ட முதல் இரண்டு மாதம் மண் காயாமல் ஈரமாக இருக்க வேண்டும். பிறகு வாரம் இரண்டு மூன்று முறையும், கோடையில் நாள்தோறும் மாலையிலும் நீர் விடலாம். ஆழ்குழாய் நீர் உப்பாக இருந்தால், மழைக்காலத்தில் கூரைநீரை நன்றாக வாங்கவிட்டு மண்ணின் உப்பைக் கழுவுக. உதிர்ந்த மூங்கில் இலையைக் கூட்டி எறியாமல் அடியிலேயே மூடாக்காக இடுக. ஈரமும் காக்கும், மக்கி எருவும் ஆகும்.

தொட்டி: ஓரடிக்குக் குறையாத வாயும், அடியில் நல்ல துளைகளும் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தூரைப் பிரித்து மாற்றி நடுக.

ஓடும் மூங்கிலுக்கு வேலி

ஓடும் இனத்தைத் தரையில் நட விரும்புவோர், நடும் நாளிலேயே வேலி அமைக்க வேண்டும். நம் ஊரில் இதற்கு எளிய வழி கிணற்றுச் சிமென்ட் உறை. ஓரடி உயரமுள்ள இரண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, இணைப்பைச் சாந்தால் பூசி, மேல் விளிம்பு மூன்று அங்குலம் தரைக்கு மேலே நிற்கும்படி புதைத்து, அதனுள் நடுக. வேர்த்தண்டு பெரும்பாலும் மேல்மண்ணிலேயே ஓடுமாதலால், இந்த ஆழம் அதைத் தடுக்கும். ஆயினும் விளிம்பைத் தாண்டி மேலே ஏறி வரும் தண்டுகளை ஆண்டுக்கு இருமுறை பார்த்து வெட்டிவிட வேண்டும். வேலியில்லாமல் நட்டுவிட்டு, அண்டை மனையில் குருத்து எழுந்தபின் சமாதானம் சொல்லுவது நல்ல அயலாருக்கு அழகன்று.

பராமரிப்பு

ஆடியிலும் தையிலும் தூருக்கு ஒரு கூடை மக்கிய எருவும் இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் இடுக. மூன்று ஆண்டு கடந்த கழிகளை அடியோடு எடுத்துவிட்டால் தூருக்குள் காற்றோட்டம் உண்டாகும். பூச்சியும் பாம்பும் அடைய இடமிராது. மாவுப்பூச்சிக்கும் சிலந்திப்பேனுக்கும், ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பச்சைக் குருத்தைக் களைதல். மழைக்குப்பின் புதுக்குருத்துகள் எழும்போது ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். முழுப் பச்சையாக ஒன்று வந்தால், தரைமட்டத்தில் ஒடித்துவிட்டால் போதாது. மண்ணை விலக்கி, வேர்த்தண்டோடு சேருமிடத்தில் அறுத்து எடுக்க வேண்டும். முழு வெள்ளையாக ஒன்று வந்தால் அதுவும் நிலைக்காது. நம் கை காத்திருக்கும்வரைதான் வரி நிற்கும். இரண்டு பருவம் கவனியாது விட்டால், வரி மூங்கில் வெறும் மூங்கிலாகிவிடும்.

சங்கம் செய்யத்தக்கது

இச்செடிகளைத் தனித்தனியே வாங்குவோர் தனித்தனியே ஏமாறுகின்றனர். ஐந்து அங்கத்தினர் சேர்ந்து, சோதித்தறிந்த தூர் ஒன்றை வாங்கி, ஒரு வீட்டில் இரண்டு பருவம் வளர்த்து, பின்னர் பிரித்துக்கொண்டால் செலவும் குறையும், இனமும் உறுதிப்படும். 1904ஆம் ஆண்டிலேயே திரூரிலும் காஞ்சிபுரத்திலும் கூட்டுறவுச் சங்கங்களைத் தோற்றுவித்த வட்டாரம் இது. அன்று கடனுக்குக் கூடியவர்கள் வழிவந்த நாம் ஒரு செடிக்குக் கூடுவது பெரிதன்று.

பயிரிடும் அங்கத்தினருக்கு இதில் வருவாயும் இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி பெறும் பெருந்தொழிற்சாலைகளுக்குப் பசுமை வளையம் அமைக்கும் நிபந்தனை வழக்கமாக விதிக்கப்படுகிறது. புதிய வீடுகளும் பெருகுகின்றன. ஆகவே நல்ல கன்றுக்குத் தேவை இருக்கும். நாற்றுப்பண்ணை வைப்போர் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சீட்டுக் கட்டுக: செடியின் முழுப்பெயர், தூர் கட்டுவதா, ஓடுவதா, கழிக்காமல் விட்டால் எட்டும் உயரம், பிரித்து நட்ட மாதம். அதிர்ஷ்ட மூங்கிலை விற்கலாம். ஆனால், அது மூங்கில் அன்று என்று சொல்லி விற்க வேண்டும். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பவரைக் கண்டு நாம் கொள்ளும் கோபம் நியாயமானதாயின், நாற்றுப்பண்ணையில் நாமும் அதே நியாயத்திற்குக் கட்டுப்பட்டவர்களே.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. உங்கள் தெருவில் மூங்கில் என்று அழைக்கப்படும் செடிகளைப் பட்டியலிட்டு, ஐந்து சோதனைகளில் எவை எவற்றில் அவை தேறுகின்றன என்று எழுதுக.

2. ஓர் அருகம்புல் இலை, ஒரு கரும்பு இலை, ஒரு மூங்கில் இலை மூன்றையும் கொண்டுவந்து, அடிப்பகுதியில் உள்ள வேறுபாட்டைக் காட்டுக.

3. வரிச்செடி பச்சைச்செடியைவிட மெல்ல வளர்வது ஏன்? பச்சைக் குருத்தை எங்கே அறுக்க வேண்டும்?

4. உங்கள் மனையின் மண் இயல்பான மண்ணா, கொட்டி மேடேற்றியதா? இரண்டடி ஆழம் தோண்டிப் பார்த்துச் சொல்லுக.

5. உங்கள் வீட்டில் மூங்கில் நட ஏற்ற இடம் எது? தறி, சுற்றுச்சுவர், குழாய், அண்டை மனை ஆகிய நான்கையும் குறித்து ஒரு வரைபடம் வரைந்து, நடும் இடத்தில் புள்ளி வைத்து, அடுத்த கூட்டத்திற்குக் கொண்டு வருக.